உலக ராலி சாம்பியன்ஷிப்: தொழில்நுட்ப விதிகளும் செலவு விவாதமும்

உலக ராலி சாம்பியன்ஷிப் 1973இல் தொடங்கியது. எந்தக் கார் அதில் ஓடலாம், காரில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதை எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச வாகனக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப விதிகள் முடிவு செய்கின்றன. இந்த விதிகள் பலமுறை அடியோடு மாறியுள்ளன. சில மாற்றங்களுக்கு விபத்துகள் காரணம். பலவற்றுக்குப் பணம் காரணம். செலவைக் குறைக்க வந்த விதிகளில் பெரும்பாலானவை அதைக் குறைக்கவில்லை, இடம் மாற்றின. தொழிற்சாலையில் ஆன செலவு பட்டறைக்குப் போனது. பட்டறையில் அடைத்தபோது மின்னணுக் கருவிகளுக்கும் காற்றியக்க வடிவமைப்புக்கும் போனது. தனி ஆள் வாங்கி ஓட்டக்கூடிய விலையில் முதல்தரக் கார் கிடைக்குமா என்பது இந்த வரலாறு முழுவதும் தொடரும் கேள்வி.

எண்ணிக்கை விதியின் காலம்

ராலி என்பது பொதுச் சாலைகளில், போக்குவரத்தை நிறுத்திய பகுதிகளில், நேரத்தைக் கணக்கிட்டு ஓட்டும் பந்தயம். கடையில் விற்கும் கார்தான் அதில் ஓட வேண்டும் என்பது தொடக்ககாலக் கொள்கை. அதை உறுதிப்படுத்த வந்தது ஹோமோலகேஷன் எனும் தகுதிச் சான்று. நிர்ணயித்த எண்ணிக்கையில் ஒரு மாடலைத் தயாரித்த நிறுவனத்துக்கே அந்தச் சான்று கிடைக்கும். குழு 4 எனும் பிரிவில் 1970களின் பிற்பகுதியில் அந்த எண்ணிக்கை 400.

மக்கள் ஓட்டும் காரே பந்தயத்திலும் ஓடட்டும் என்பதே விதியின் நோக்கம். நடந்தது வேறு. இத்தாலியின் லான்சியா, ஃபெராரி டினோவின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, ராலிக்கென்றே ஸ்ட்ராடோஸ் என்ற காரை உருவாக்கியது. வீட்டுத் தேவைக்கு எவரும் வாங்கும் கார் அல்ல அது. சான்றுக்குத் தேவையான சில நூறு கார்களின் செலவைத் தாங்கும் வலு லான்சியாவுக்கு இருந்தது. 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் தயாரிப்பாளர் பட்டம் அதற்கே போனது.

குழு பி: கட்டவிழ்ந்த வேகம்

ஜெர்மனியின் ஆடி, நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் சேர்ந்த குவாட்ரோவை 1981 மான்டே கார்லோ ராலியில் இறக்கியது. அதே ஆண்டு சான்ரெமோவில் மிஷேல் மூட்டோன் அந்தக் காரில் வென்று, உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். 1983இல் லான்சியா 037 பின்சக்கர இயக்கத்திலேயே தயாரிப்பாளர் பட்டத்தைப் பிடித்தது. அதன்பின் இருசக்கர இயக்கக் கார் எதுவும் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை.

1982இல் வந்த குழு பி விதி, தேவையான எண்ணிக்கையை 200ஆகக் குறைத்தது. அதன்மேல் 20 கார்கள் மட்டும் செய்து காட்டினால் மேம்படுத்திய வடிவத்துக்கும் சான்று கிடைத்தது. சிறு நிறுவனங்களும் வரட்டும் என்று தாழ்த்திய இந்த வாசல், பெரிய நிறுவனங்களின் ஆயுதப் போட்டிக்கு வழிவிட்டது. பெஜோ 205 டர்போ 16, சூப்பர்சார்ஜரும் டர்போவும் ஒருங்கே கொண்ட லான்சியா டெல்டா எஸ்4, ஃபோர்டு ஆர்எஸ்200 ஆகியவை சாலைக் காரின் தோலைப் போர்த்திய பந்தய இயந்திரங்கள்.

அதற்கான விலை உயிர்களாகக் கொடுக்கப்பட்டது. 1985 மே 2 அன்று கோர்சிகா ராலியில் ஓட்டுநர் அத்திலியோ பெத்தேகா விபத்தில் இறந்தார். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று பார்வையாளர்கள் இறந்தனர். நிறுவன அணிகள் அந்த ராலியிலிருந்து விலகின. 1986 மே 2 அன்று, மறுபடியும் கோர்சிகாவில், ஹென்றி தொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் தீப்பற்றிய டெல்டா எஸ்4 காரில் மாண்டனர். அப்போதைய விளையாட்டு ஆணையமான ஃபிசாவின் தலைவர் ஜான் மாரி பாலெஸ்த், 1987 முதல் குழு பி கிடையாது என்று அறிவித்தார். அடுத்து வரவிருந்த குழு எஸ் திட்டமும் கைவிடப்பட்டது. புதிய காருக்குப் பெரும்பணம் போட்டிருந்த பெஜோ நீதிமன்றம் சென்றது, தடை நிலைத்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஓராண்டுகூட இல்லை. அவசரமாக மாறும் விதி, செய்த முதலீட்டை வீணாக்கும் என்று தயாரிப்பாளர்கள் எழுப்பும் வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை.

குழு ஏ: தொழிற்சாலையின் சுமை

1987 முதல் முதல்தரம் குழு ஏவுக்குப் போனது. ஓராண்டில் 5,000 கார்கள் தயாரிக்க வேண்டும். 1990களில் அது 2,500ஆனது. கார்கள் பாதுகாப்பானவையாயின, கடையில் விற்கும் காருக்கும் பந்தயக் காருக்கும் உறவு திரும்பியது. ஆனால் டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட விலையுயர்ந்த மாடலை ஆயிரக்கணக்கில் செய்து விற்கத் துணிந்த நிறுவனங்கள் சிலவே. லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. டொயோட்டா செலிகா, சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், ஃபோர்டு எஸ்கார்ட் காஸ்வொர்த் ஆகியவை அதே விதியின் பிள்ளைகள்.

எஞ்சின் ஆற்றலைக் கட்டுப்படுத்த, டர்போவுக்குள் காற்று புகும் வாயைச் சுருக்கும் வளையம் கட்டாயமானது. 1995இல் அதன் விட்டம் 34 மில்லிமீட்டர். அதே ஆண்டு, வளையத்தைத் தாண்டிக் காற்று புக வழிசெய்த டர்போ டொயோட்டா கார்களில் இருந்தது கட்டலோனியா ராலியில் தெரியவந்தது. அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. விதியை எழுதினால் போதாது, அதைக் கண்காணிக்கவும் பணமும் திறமையும் வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

உலக ராலி கார்: வாசல் திறந்தது, செலவு ஏறியது

1997இல் அறிமுகமான உலக ராலி கார் விதி எண்ணிக்கைச் சுமையை அகற்றியது. ஆண்டுக்கு 25,000 தயாராகும் சாதாரணக் குடும்பக் கார் இருந்தால் போதும். டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பந்தயக் காரில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பலன் உடனே தெரிந்தது. சுபாரு, ஃபோர்டு, டொயோட்டா, மிட்சுபிஷி ஆகியவற்றோடு பெஜோ, சிட்ரோயன், ஸ்கோடா, சியட், ஹூண்டாய் என அணிகள் பெருகின.

தொழிற்சாலையில் மிச்சமான பணம் பட்டறைக்குப் போனது. சக்கரங்களுக்கு ஆற்றலைப் பகிரும், கணினி இயக்கும் டிஃபரன்ஷியல், நுட்பமான கியர்பெட்டி, இடைவிடாத சோதனை ஓட்டம் என்று ஒவ்வொரு வினாடிக்கும் விலை ஏறியது. 1999இல் சிட்ரோயன் ஸாரா கிட் காரில், டர்போ இல்லாத முன்சக்கர இயக்கத்தோடு, பிலிப் புகால்ஸ்கி கட்டலோனியாவிலும் கோர்சிகாவிலும் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். எளிய காரும் தார்ச் சாலையில் முதல்தரத்தை வீழ்த்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆனால் முதல்தரம் அந்தப் பாதையில் போகவில்லை. 2005 இறுதிக்குள் மிட்சுபிஷி, ஸ்கோடா, பெஜோ ஆகியவை நிறுவன அணிகளை விலக்கின. 2006இல் முன், பின் டிஃபரன்ஷியல்களின் மின்னணுக் கட்டுப்பாடு தடைசெய்யப்பட்டது. 2008 டிசம்பரில், உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, சுசுகியும் சுபாருவும் வெளியேறின. 2009இல் சிட்ரோயனும் ஃபோர்டும் மட்டுமே எஞ்சின.

சிறிய எஞ்சின், பெரிய இறக்கைகள்

2011இல் இரண்டு லிட்டர் எஞ்சினுக்குப் பதில் 1.6 லிட்டர் டர்போ வந்தது. காற்று வாய் 33 மில்லிமீட்டர் ஆனது. 2013 முதல் 2016 வரை ஃபோக்ஸ்வாகன் போலோ எல்லாப் பட்டங்களையும் அள்ளியது. 2017இல் விதி எதிர்த்திசையில் திரும்பியது. காற்று வாய் 36 மில்லிமீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 380 குதிரைத்திறன், அகலமான உடல், பெரிய பின்னிறக்கை, மீண்டும் மின்னணு நடு டிஃபரன்ஷியல். ரசிகர்களை ஈர்க்கும் தோற்றம் வேண்டும் என்பதே காரணம். புதிய போலோ தயாராக இருந்தும் ஃபோக்ஸ்வாகன் 2016 நவம்பரில் விலகியது. டொயோட்டா திரும்பி வந்தது. 2019 இறுதியில் சிட்ரோயனும் போனது.

இதற்கிடையே இரண்டாம் படியில் வேறொரு கொள்கை வேரூன்றியது. 2013இல் தொடங்கிய ஆர்5 பிரிவு, பின்னாளில் ராலி2 என்று பெயர் மாறியது. அதில் காரின் விலைக்கே உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் 1,80,000 யூரோ. ஃபோர்டு ஃபியஸ்டா, ஸ்கோடா ஃபேபியா போன்ற கார்களைத் தனி அணிகளும் தேசியப் போட்டியாளர்களும் வாங்கிக் குவித்தனர். விதி எழுதுவோர் வேறெங்கும் காணாத பலனை விலை வரம்பு தந்தது.

ராலி1: கலப்பின மூன்றாண்டுகள்

2022இல் வந்த ராலி1 விதி, குழாய்ச் சட்டத்தாலான பாதுகாப்புக் கூண்டைக் கொண்டுவந்தது. பாதுகாப்பில் அது பெரும் முன்னேற்றம். செலவைக் குறைக்க ஐந்து கியர் போதும் என்றது. நடு டிஃபரன்ஷியலின் மின்னணுவை நீக்கியது. சஸ்பென்ஷனின் அசைவைக் குறைத்தது. ஆனால் மிச்சப்படுத்தியதைக் கலப்பின அமைப்பு விழுங்கியது. ஜெர்மனியின் காம்பாக்ட் டைனமிக்ஸ் எல்லா அணிகளுக்கும் வழங்கிய அந்த அமைப்பில் 100 கிலோவாட் மின்மோட்டாரும் 3.9 கிலோவாட் மணி மின்கலமும் இருந்தன. மூடி முத்திரையிட்ட அந்தப் பெட்டியை அணிகளே பழுதுபார்க்க முடியாது. டொயோட்டா, ஹூண்டாய், எம்-ஸ்போர்ட் ஃபோர்டு என்ற மூன்று அணிகளுக்கு மேல் யாரும் வரவில்லை.

2024 பிப்ரவரியில் எஃப்.ஐ.ஏ., அடுத்த ஆண்டே கலப்பினத்தை நீக்கி ராலி1 காரை ராலி2 காருக்கு நெருக்கமாக்கும் திட்டத்தை அறிவித்தது. பாதிவழியில் விதியை மாற்றினால் மறுவடிவமைப்புக்கே பணம் போகும் என்று அணிகள் எதிர்த்தன. ஜூனில் திட்டம் நிறுத்தப்பட்டது. நவம்பரில் கலப்பினத்தை நீக்குவது மட்டும் உறுதியானது. 2025இல் குறைந்தபட்ச எடை 1,260 கிலோவிலிருந்து 1,180 ஆகவும், காற்று வாய் 35 மில்லிமீட்டராகவும் குறைந்தன.

2027 விதியும் அதன் பொருளும்

2024 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 2027ஆம் ஆண்டு விதி, முதல்தரக் காருக்கு 3,45,000 யூரோ விலை வரம்பை நிர்ணயிக்கிறது. குழாய்ச் சட்டக் கூண்டு தொடரும்; எஞ்சினும் இயக்க அமைப்பும் ராலி2 காரிலிருந்து வரும்; ஆற்றல் ஏறத்தாழ 300 குதிரைத்திறன். கார் நிறுவனம் அல்லாத தனிப் பட்டறைகளும் காரை வடிவமைத்துச் சான்று பெறலாம்.

விலை வரம்பு, வாங்குபவர் கொடுக்கும் தொகையை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. எண்ணிக்கை, காற்று வாய், எடை என்று சுற்றிவளைத்துச் செலவைப் பிடிக்க முயன்ற ஐம்பதாண்டுகளில் முதல்தரம் இந்த வழியைத் தொட்டதில்லை. சோதனை ஓட்டமும் ஊழியர் எண்ணிக்கையும் கட்டுக்குள் வராவிட்டால் பணம் அந்தப் பக்கம் சாயும். அதனால் வரம்பு மட்டும் போதாது. ஒருமுறை எழுதிய விதியைப் பல ஆண்டுகள் நிலையாக வைத்திருக்கும் உறுதியும் வேண்டும். மூன்று அணிகளோடு சுருங்கிய இந்தப் போட்டிக்கு, நல்ல ஓட்டுநரும் சிறு பட்டறையும் முதல் வரிசையில் நிற்க இடம் தரும் விதிதான் எதிர்காலம் தரும்.