கொடிக்குக் காவல் நின்ற வாள்

ஆளுயர வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஜெர்மானியக் கூலிப்படை வீரனை ஓவியத்தில் பார்த்தால், இதை எப்படித்தான் சுழற்றினார்களோ என்று மலைப்பு வரும். ஆனால் போருக்கென்று அடித்த இருகை வாளின் எடை பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோதான். அதைவிடக் கனமானவை பெரும்பாலும் ஊர்வலத்துக்குச் செய்தவை.

ஜெர்மானிய மன்னர் மாக்சிமிலியன் 1487 வாக்கில் திரட்டிய லான்ஸ்க்னெக்ட் என்ற அந்தக் கூலிப்படையில் சாதாரண வீரனுக்கு மாதம் 4 குல்டன் சம்பளம். முன்வரிசையின் ஆபத்தை ஏற்றவனுக்கு அதைப்போல இரு மடங்கு. இருகை வாள்காரர்களும் இந்த இரட்டைச் சம்பளக்காரர்களில் அடக்கம்.

எதிரிகளின் ஈட்டிக் காம்புகளை வெட்டிச் சாய்ப்பதே இவர்கள் வேலை என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள அந்தக் காம்பின் முன்பாதி பிடிப்பில்லாமல் காற்றில் நீண்டிருக்கும். வாள் பட்டால் அது துண்டாவதைவிட விலகிப்போகவே வாய்ப்பு அதிகம். தோளோடு தோள் உரசும் நெரிசலில் வீசினால் பக்கத்தில் நிற்கும் தோழன்மீதும் வெட்டு விழும். இந்த வாளுக்கு வெட்டவெளி வேண்டும். ஒருவன் பலரைச் சமாளிக்க வேண்டிய இடம் வேண்டும்.

அப்படியோர் இடம் கொடியடி. இத்தாலிய வாள் ஆசான் ஜாக்கோமோ டி கிராசி 1570இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: ஒரே ஆள் பலரை எதிர்க்க உதவுவதால், இருகை வாள்காரர்களைக் கொடிக்கு அருகே நிறுத்துவது வழக்கம். புகையிலும் கூச்சலிலும் சிதறிய படை தன் இடத்தைக் கண்டுகொள்வது கொடியை வைத்துத்தான். அது சாய்ந்தால் அணி குலையும். அகன்ற வட்டமாய் ஓயாமல் சுழலும் வாளுக்குள் புகுந்து கொடியைப் பறிக்க யாருக்குத் துணிவு வரும்?

எதிரி நெருங்கிவிட்டாலும் வழி இருந்தது. கைப்பிடியின் குறுக்குக் கம்பியைத் தாண்டி அலகில் ஒரு பகுதியைக் கூர் தீட்டாமல் விட்டு, பல வாள்களில் தோலும் சுற்றியிருப்பார்கள். அதற்கு மேல் இருபுறமும் இரண்டு கொக்கிகள். ஒரு கையை அங்கே நகர்த்திப் பிடித்தால், கொக்கிகள் விரல்களைக் காக்க, நெடுவாள் குட்டை ஈட்டிபோல் குத்தும். அந்த அமைப்பை யோசித்த கொல்லர்கள்மீது எனக்குத் தீராத மரியாதை.

துப்பாக்கிகள் பெருகியதும் போர்க்களத்தில் இதன் தேவை குறைந்தது. ஆனாலும் போர்ச்சுகலில் தியோகு கோமிஸ் டி ஃபிகெய்ரெடு 1651இல்கூட இருகை வாளுக்கு ஒரு பயிற்சிக் கையேடு எழுதினார். ஒடுங்கிய தெருவில் சண்டையிடுவது, துடுப்புக் கப்பலின் நடைபாதையை மறிப்பது, உடன்வரும் பெண்ணைக் காப்பது என்று அதில் தனித்தனிப் பாடங்கள் உண்டு.