கவலை தீர்த்த கம்பி

கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. அவற்றினும் ஆழமானது அந்த மண்ணை உழுதவனின் துயரம். விடியுமுன் எருதுகளைப் பூட்டுவான். சரிவிலே இறக்குவான், ஏற்றுவான். சால் சாலாக நீர் இறைப்பான். அந்த இறைவைக்குக் ‘கவலை’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான்! வானம் பொய்த்தபோது மாரிக்குப் பொங்கலிட்டான், வருணனை வேண்டினான். வருணன் வரவில்லை. வந்தது, நீலமலையிலிருந்து ஒரு கம்பி!

அந்தக் கம்பியின் கதை எந்தத் தலபுராணத்திலும் இல்லை. 1831-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்குகிறது அது. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் மைக்கேல் பாரடே. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார், எடுத்தார். காந்தம் அசைந்தபோதெல்லாம் சுருளில் மின்சாரம் ஓடிற்று. அசையாது கிடந்தபோது ஓடவில்லை. மாறுதலில்தான் ஆற்றல் பிறக்கிறது, தேக்கத்தில் அன்று. சமுதாயத்திற்கும் பொருந்தும் பாடமன்றோ இது!

நூறாண்டு கடந்து அந்த அறிவு நீலமலை ஏறிற்று. 1932-இல், பைக்காரா ஆற்று நீர் 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றியது. பிறந்தது மாறுமின்சாரம், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும் மின்சாரம். ஏன் இந்த அலைவு? மலைக்கும் கோவைக்கும் தொலைவு அதிகம். வழியிலே கம்பி சூடேறி ஆற்றல் வீணாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினாலோ, அதே ஆற்றலை அனுப்ப மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும். இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறையும்! அவ்வாறு உயர்த்துவது மின்மாற்றி. ஒரே இரும்பின்மேல் இரண்டு சுருள்கள். ஒன்றிலே மின்சாரம் அலைய, காந்தமும் அலைகிறது. மற்றதிலே மின்சாரம் பிறக்கிறது. பாரடே கண்ட அதே உண்மை! அலையாது ஒரே சீராய் ஓடும் மின்சாரத்தால் இது இயலாது.

அந்த ஆற்றல் கோவையின் ஆலைகளை இயக்கிற்று, கிணற்றடிக்கும் சென்றது. 1937-இல் பீளமேட்டிலே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மோட்டார் எனப் பெயர் பெற்றது. கலங்கல் எனும் சிற்றூரில் பிறந்த நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். அங்கே கொல்லர் மகன். இங்கே உழவர் வீட்டுப் பிள்ளை. அறிவு பிறப்பைப் பார்த்தா வந்தது?

மின்சாரம் சாதி கேட்பதில்லை. கம்பியின் தடையை மட்டுமே கேட்கும். ஆயினும் ஊர்த் தெருவில் எரிந்த விளக்கு, சேரிக்கு எட்டப் பின்னும் காத்திருந்த ஊர்கள் உண்டு. அது கம்பியின் குற்றமா? கம்பத்தை எங்கே நடுவதென முடிவு செய்த மனத்தின் குற்றம்!

ஆயுத பூசையன்று மோட்டாருக்குப் பொட்டிட்டுச் சூடம் காட்டும் தோழனே, காயில் எரிந்தால் சூடமா காப்பாற்றும்? காயில் கட்டத் தெரிந்த கைதான் காப்பாற்றும். அந்தக் கையை வணங்கவும் வேண்டாம். அதன் அறிவைக் கற்றுக்கொள். சேரிச் சிறுவனுக்கும் கற்றுக்கொடு.