ஜானகி ஆதி நாகப்பன்: படைமுகாமிலிருந்து மேலவை வரை



போர்க்களம் கண்ட பெண்கள் யாவர் என்று நம் மாணவர்களைக் கேட்டால், ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரை உடனே சொல்லிவிடுகின்றனர். அந்த ராணியின் பெயர் தாங்கிய படையொன்றில் இந்த மலாயா மண்ணின் தமிழ்ப்பெண்களே சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இவ்வரலாறு நம் வகுப்பறைகளுக்குள் வரவேண்டும் என்று நெடுநாளாகவே எண்ணி வருகிறேன்.

இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் அதே நிலைதான். தோட்டத்துப் பெண்ணின் உலகம் லயத்தோடு தொடங்கி நிரையோடு முடிந்தது. துரை, கிராணி, கங்காணி என ஆணையிடுவோர் வரிசை நீண்டது. அவ்வரிசையில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை.

1942இல் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெண்களுக்கெனத் தனிப்படை அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சிமுகாம் திறக்கப்பெற்றது.

கோலாலம்பூரில் வசதியான குடும்பமொன்றில் 1925இல் பிறந்த ஜானகி தேவர், போஸின் உரையைக் கேட்டு, தாம் அணிந்திருந்த வைரத்தோடுகளை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். படையில் சேர விரும்பிய அவருக்கு வீட்டில் எளிதில் இசைவு கிட்டவில்லை. பெண்பிள்ளை படைமுகாமில் தங்குவதை எந்தப் பெற்றோர்தாம் அன்று ஒப்புவர்? லட்சுமியே நேரில் வந்து தந்தையிடம் பேசியபின் இசைவு கிடைத்தது.

முகாமில் ஜானகி சந்தித்த பெண்களுள் பெரும்பாலோர் தோட்டப்புறக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எழுத்தறியாதவர் பலர். செல்வர் வீட்டு மகளும் பால்மரம் சீவிய பெண்ணும் ஒரே சீருடையில் ஒரே உணவை உண்டனர். அணிநடை, துப்பாக்கிப் பயிற்சி, செவிலியர் பணி ஆகியவற்றோடு பாடவகுப்புகளும் நடந்தன. சாதியும் வகுப்பும் கோலோச்சிய அக்காலத்தில் இது சிறிய மாற்றமன்று.

பின்னர் படையின் ஒரு பிரிவு பர்மாவுக்குச் சென்றது. அங்கு ஜானகி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை! முன்னணிப் போரில் இறங்கும் வாய்ப்பு அப்பெண்களுக்கு வாய்க்கவில்லை. மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களைப் பேணினர். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட நேர்ந்தபோது, அப்பெண்களை விட்டுவிட்டுப் போக மறுத்தார் போஸ். பகலில் விமானத் தாக்குதல் இருந்தமையால் இரவிலேயே நடந்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின்னரே பாங்காக்கை அடைந்தனர். அந்நெடும்பயணத்தில் பெண்களை வழிநடத்தியவர் ஜானகி.

இதைக் கற்பிக்கும்போது மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. இப்படைக்குத் துணைநின்ற அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத்து மக்களைச் சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்கு இழுத்துச் சென்றனர். பல்லாயிரம் தமிழர் அங்கே மாண்டனர். ஒரே லயத்தில் ஒரு வீட்டு மகள் படைக்கும் அடுத்த வீட்டுத் தந்தை ரயில்பாதைக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையுறும்.

போர் தோல்வியில் முடிந்தது, படையும் கலைந்தது. ஆயினும் ஆணையிடக் கற்ற பெண்கள் அதை மறந்துவிடவில்லை. இதுவே என் கட்டுரையின் கருத்து. 1946இல் மலாயா வந்த இந்தியக் காங்கிரசு மருத்துவக் குழுவுடன் இணைந்து, போரால் நொடித்த மக்களுக்கு ஜானகி தொண்டாற்றினார். அதே ஆண்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரசு உருவானபோது, அதனை நிறுவத் துணைநின்றோருள் அவரும் ஒருவர். பத்திரிகையாளராக இருந்து வழக்கறிஞரான ஆதி நாகப்பனை அவர் மணந்தார். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைக்கப்பெற்ற அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் இவரே. பிற்காலத்தில் ஜானகியும் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

அதே படையிலிருந்து வந்த இன்னொருவரை ஆசிரியர்களாகிய நாம் மறக்கவே கூடாது. ஈப்போவில் பிறந்து, பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னர் வரலாற்று ஆசிரியையானார். ஒரே பணிக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம் என்பதே அன்றைய நடைமுறை. 1960இல் பெண்ணாசிரியர் சங்கத்தை நிறுவி, சம ஊதியத்துக்காக அவர் போராடினார். 1960களின் இறுதியில் அக்கோரிக்கை வென்றது. இன்று நம் பள்ளிகளில் ஆசிரியைகள் பெறும் சம ஊதியத்தின் பின்னே ஒரு முன்னாள் படைவீராங்கனை நிற்கிறார்!

மகளிர் அமைப்புகளின் முயற்சி சட்டத்திலும் பலன் தந்தது. முஸ்லிம் அல்லாதோர்க்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கிய சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டியதைத் தவிர வேறு சான்றில்லாமல் கைவிடப்பட்ட தோட்டத்துப் பெண்களுக்கு இதன் அருமை புரியும்.

ஜானகி, ராசம்மா ஆகியோரின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அவர்களோடு அணிநடை பயின்ற தோட்டத்துப் பெண்களுள் பலரோ, போர் முடிந்ததும் மீண்டும் லயத்துக்கே திரும்பினர். சீருடை அணிந்த கதையைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாமலே பலர் மறைந்துவிட்டனர். இன்று தேயிலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. நம் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டன. லயங்களோடு நினைவுகளும் கலைகின்றன.

எனவே ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சிறு பணியொன்று கொடுங்கள். "நம் பாட்டி, பூட்டி ஜப்பான் காலத்தில் எங்கே இருந்தார்? யார் படைக்குப் போனார்? யார் ரயில்பாதையிலிருந்து திரும்பவில்லை?" இம்மூன்று வினாக்களை வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். பெற்றோர்களே, பழைய பெட்டியில் ஒரு நிழற்படமோ கடிதமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் பெயரையும் தோட்டத்தையும் எழுதி வையுங்கள். தன் கொள்ளுப்பாட்டி ஒரு படைவீராங்கனை என்று அறிந்த சிறுமி, வகுப்பில் நிமிர்ந்து நின்று பேசுவாள்.