சுவரைத் தட்டிப் பாருங்கள்

பள்ளிக்கூடத்துக் கணக்கு கசந்தவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய துணை உண்டு: சுப்பிரமணிய பாரதி. எட்டயபுரத்திலிருந்து அவரைத் தந்தையார் திருநெல்வேலிக்கு அனுப்பினார். 1894 முதல் 1897 வரை அவர் அங்கே இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். பிற்பாடு எழுதிய ‘சுயசரிதை’யில் அந்தப் படிப்பை அவர் சும்மா விடவில்லை. வருஷக்கணக்காகக் கணிதம் கற்றவனுக்கு வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் நிலை தெரியவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். கணக்கின்மேல் அவருக்குப் பகை இல்லை. வானத்தைக் காட்டாத கணக்கைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

1861-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் பள்ளியில் வ.உ.சிதம்பரனாரும் படித்தார். 2021 செப்டம்பரில், வ.உ.சி.யின் நூற்றைம்பதாவது பிறந்த ஆண்டையொட்டி, அங்கே ரூ. 1.05 கோடியில் புதிய வகுப்பறைகளும் கலையரங்கமும் நினைவு நுழைவாயிலும் கட்டப்படும் என்று அரசு அறிவித்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சந்தோஷம். இருக்காதா பின்னே?

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, அதே ஊரில் வேறொரு பழைய பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்தது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போன பிள்ளைகள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கட்டிடங்களைச் சோதிக்க உத்தரவு பிறந்தது. பல கட்டிடங்கள் இடிக்கப்பட்டன.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் இடித்துவிடலாமா? எங்கள் பக்கத்தில் ஒரு முதிய கொத்தனார் இருந்தார். எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டிக் காதைக் கொடுப்பார். கெட்டியான சுவர் ஒரு விதமாகப் பேசும். உள்ளே பொக்கையான சுவர் வேறு விதமாகப் பேசும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துக் கட்டிய சுவர், குடித்த ஈரத்தை வெளியே விட்டு மூச்சு வாங்கும் என்பார் அவர். அதன்மேல் சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி அரிக்கும். வெளியே புது வர்ணம் பளபளக்கும். உள்ளே காரை மண்ணாகும். பழுது பார்ப்பதும் பழுதை மறைப்பதும் ஒன்றாகிவிடுவது அந்த இடத்தில்தான்.

விஞ்ஞானக் கூடத்தில் இந்த ஆபத்து அதிகம். கணக்குக்கு ஒரு கரும்பலகை போதும். ரசாயனத்துக்கோ குழாய் வேண்டும், தொட்டி வேண்டும், திராவகம் கலந்த கழிவுநீர் ஓடச் சாக்கடை வேண்டும், புகை போக ஜன்னல் வேண்டும். சாதாரண வகுப்பறையாகக் கட்டிய அறையில் இவற்றையெல்லாம் பின்னால் புகுத்தும்போது, ஒழுகுகிற ஒரே ஒரு குழாய் சுவரின் காலை வருஷக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். பையன்கள் அதே சுவரில் சாய்ந்து நின்று நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

1958-இல், காமராசர் ஆட்சியில், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கி வைத்தார். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள். கட்டிடமும் பெஞ்சும் கொடுத்தார்கள். ஏழை கொடுத்த சின்னப் பொருளுக்கும் அங்கே மரியாதை இருந்தது. அந்த நன்கொடைகளைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: பள்ளிக்கூடம் ‘நம்முடையது’ என்று ஊர் நினைத்தது. தன் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் யாரும் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை.

நினைவு நுழைவாயில் வேண்டியதுதான். பெரியவர்கள் படித்த இடத்தை நாம் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவார்கள்? ஆனால் அந்த வாசல் வழியாக உள்ளே போகிறவன் இன்றைய பையன். ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது ஒருவர் வருஷந்தோறும் போய், அவன் சாய்ந்து நிற்கும் சுவரைத் தட்டிக் காது கொடுக்க வேண்டும். நட்சத்திரத்தை அவனுக்கு அப்புறம் காட்டலாம்.