கம்பியில் குத்திய காகிதங்கள்

ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்பு நம் பக்கத்து வீடுகளில் ஒரு சாமான் தவறாமல் இருக்கும். முனையைக் கொக்கி போல் வளைத்த ஒரு முழ நீளக் கம்பி. அடியில் காகிதம் நழுவாமல் இருக்க ஒரு மரவில்லை. உத்திரத்திலோ கதவு மூலையிலோ தொங்கும். கிஸ்தி ரசீது, மளிகைச் சீட்டு, மணியார்டர் துண்டு, கல்யாணப் பத்திரிகை, வெளியூர்க் கடுதாசி என்று வீட்டுக்குள் வந்த காகிதமெல்லாம் அதில் குத்தப்படும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. அதுதான் அந்தக் காலத்துப் பைல்.

இந்தக் கம்பியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் வருமானம் வந்த விதம் மாறியபோதெல்லாம், ரசீதுக்கு வீட்டில் இருந்த வேலையும் மாறியிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

மொத்தமாக வந்ததை அன்றாடச் செலவாகப் பிரித்து, அதை எழுதியும் வைக்கும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. பழுவூர்க் கோயில்களுக்குப் போனவர்கள் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆசைப்பட்டால், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது அவர் பொறுப்பு. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், அதற்கு ஈடாகத் தினம் எவ்வளவு வர வேண்டும் என்று மூன்றையும் கல்லில் வெட்டிவிட்டார்கள். கரையான் அரிக்காத ரசீது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் செலவுக்காக விடப்பட்ட ஊர்களையும், அவற்றின் வருவாயில் எதற்கு எவ்வளவு என்பதையும் வரி வரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் குடியானவன் வீட்டில் கல்வெட்டு ஏது? நம்முடையது பெரும்பாலும் மானாவாரி பூமி. கரிசலில் பருத்தி, செம்மண்ணில் கடலை, ஜெயங்கொண்டம் ஆண்டிமடம் பக்கம் முந்திரி, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். பணம் வருவது வருஷத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அடுப்போ தினம் எரிய வேண்டும். இடைப்பட்ட மாதங்களை ஓட்டியது கடைப்பற்று. உப்பு, புளி, மண்ணெண்ணெய் எல்லாம் பற்றில் வாங்கி, அறுப்பு முடிந்ததும் தீர்ப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். கடைக்காரரிடம் சிட்டையும் பேரேடும் உண்டு. பிள்ளையார் சுழி போட்டு, தேதி போட்டு, பற்று வரவு பிசகாமல் எழுதுவார். வாங்கியவர் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. கணக்கு முழுவதும் கொடுத்தவர் கையில். தையில் தீர்த்த பாக்கி சித்திரையில் மறுபடி தலைகாட்டினால், இல்லை என்று சொல்ல வாங்கியவருக்கு ஞாபகம் ஒன்றுதான் துணை. வீட்டிலிருந்த ஒரே எதிர்க்கணக்கு, கம்பியில் குத்திய அந்தத் துண்டுச் சீட்டுதான்.

அடகு விஷயத்தில் அரசாங்கமே இதை உணர்ந்தது. 1943-இல் வந்த சென்னை மாகாண அடகுபிடிப்போர் சட்டம், பொருளை வாங்கும்போது அடகுச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்றது. தாலிக்கொடியையும் தோட்டையும் வைத்து விதை வாங்கிய குடும்பங்களுக்கு அந்தச் சீட்டுதான் நகை. அதனால்தான் நம் பாட்டிமார்கள் அதை மட்டும் கம்பியில் குத்தாமல் அரிசிப் பானைக்குள்ளும், பெட்டியின் அடியில் புடவை மடிப்புக்குள்ளும் வைத்தார்கள். எல்லாக் காகிதமும் ஒன்றல்ல என்ற முதல் பாகுபாடு அங்கே பிறந்தது என்பேன்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர்களுக்கு ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. திடீரென்று ரூபாய்க்கு 100 என்றார்கள். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா கணக்கு. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று முழு எண்ணாக்கினார்கள். அடுத்த சில வருஷங்களில் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. போன வருஷச் சீட்டையும் இந்த வருஷச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், விலை ஏறியதா அல்லது அளவுதான் மாறியதா என்று சொல்ல முடியாது. பழைய சீட்டைத் தூக்கி எறியாதவர்கள்தான் அப்போது விவரமாக வாங்கினார்கள்.

இதற்கிடையில் நம் பக்கத்தில் வேறொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. 1939-இல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை வந்தது. 1953 போராட்டத்தில் நாடறிந்த கல்லக்குடிதான். பிறகு 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை, அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள். கடல் பூமியாக இருந்த காலத்துச் சுண்ணாம்புக்கல், வானத்தைப் பார்த்திருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்தது.

மாதச் சம்பளம் வந்த வீட்டில் கம்பி போதவில்லை. அறுப்புக்கு அறுப்பு கணக்குப் பார்த்தவர்கள் முப்பது நாளைக்கு ஒரு முறை பார்க்க வேண்டி வந்தது. வருமானம் மாதாமாதம்; செலவோ அப்படி வருவதில்லை. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பள்ளிக்கூடச் செலவு ஜூனில். நில வரி பசலிக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை. சம்பளக்காரருக்கு வருமான வரி ஏப்ரல் முதல் மார்ச் வரை. கடைக்காரருக்குப் புதுக்கணக்கு இன்னொரு நாளில். ஒரே வீட்டில் நாலு காலண்டர்! தேதி வரிசையில் குத்தினால் எல்லாம் கலந்துபோகும்.

என் தாயார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை வந்த பழைய கவர்களில் மேலே எழுதி, நாலாகப் பிரிப்பார். முதல் கவர், அந்த மாதம் முடிந்தால் வேலை முடிந்துபோகும் சீட்டுகள்: மளிகை, காய்கறி, பால். மாதக் கடைசியில் கூட்டி நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கிழித்துவிடுவார். இரண்டாவது, மறுபடி மறுபடி வருபவை: கரண்டு, பள்ளிக்கூடம், சந்தா. போன தடவை எவ்வளவு என்று பார்த்து, அடுத்த தடவைக்கு மாதாமாதம் பங்கு எடுத்து வைக்க அது உதவும். மூன்றாவது, பொருள் இருக்கும்வரை இருக்க வேண்டியவை: மிக்சி, மின்விசிறி, சைக்கிள் வாங்கிய பில். நாலாவது, ஆள் போனாலும் இருக்க வேண்டியவை: வீட்டு வரி, நில வரி, கடன் தீர்த்த ரசீது, பத்திரச் செலவு.

அந்த நாலாவது கவரின் அருமை பிறகு தெரிந்தது. ஓர் அலுவலகத்தில் எங்கள் வீட்டுக்கு ஆறு வருஷ வரி பாக்கி என்றார்கள். ஆறு ரசீதையும் வரிசையாக மேஜையில் வைத்தோம். பத்து நிமிஷத்தில் பதிவேடு திருத்தப்பட்டது. ரசீது இல்லாதிருந்தால், கட்டிய பணத்தையே மறுபடி கட்டியிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு கூடுதல் சங்கடம். அரியலூரில் ஒரே வீட்டில் இருந்தவர், 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரிலிருந்து மறுபடி அரியலூர். கிராமத்தில் கர்ணம் கையெழுத்துப் போட்ட காலம் 1980 நவம்பரோடு முடிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆகவே ரசீதின் தலைப்பையும் கையெழுத்தையும் நம்பி அடுக்காதீர்கள். சர்வே நம்பரையும் கதவு இலக்கத்தையும் கொண்டு அடுக்குங்கள். அவையும் மாறியிருந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இப்போது கடைகளில் தரும் வழவழப்பான பில் மையில்லாமல் சூட்டில் அச்சாவது. வெயில் பட்டால் சில மாதங்களில் வெற்றுத்தாள். மூன்றாம் கவருக்கும் நாலாம் கவருக்கும் உரியதாக இருந்தால், அன்றைக்கே நகல் எடுத்துச் சேர்த்து வைப்பது நல்லது. கைப்பேசிக்கு வரும் செய்தியும் ரசீதுதான். ஆனால் கைப்பேசி போனால் அதுவும் போய்விடும். வரி, கடன் சம்பந்தப்பட்டதை அச்செடுத்து வைக்கலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு மறுபடி வருமானம் மாறியிருக்கிறது. ஓய்வூதியமோ, பிள்ளைகள் அனுப்பும் பணமோ, வங்கி வட்டியோ அளவாகத்தான் வரும். ஏறிக்கொண்டே போவது மருந்துச் செலவு. அதற்கு ஐந்தாவதாக ஒரு கவர் போட்டால், ஆறு மாதத்தில் எந்த மாத்திரைக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். டாக்டரிடம் கேட்கவும் கைவசம் விவரம் இருக்கும்.

ஒன்று மட்டும் கடைசியாக. கவர்கள் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள், எது கட்டியது, எது கட்டாதது என்று தெரியாமல் அலமாரியைக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே கவர்களை எடுத்து வைத்து, துணைவியாரையோ துணைவரையோ பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டிவிடுங்கள்.