முக்கால், சென்ட், அரைப்புள்ளி

2001 வாக்கில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வையுங்கள். அனுப்பியவர் தமிழில்தான் எழுதியிருக்கிறார். திறந்தால் முதலில் முக்கால் என்னும் பின்னக் குறி. அடுத்து தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’. பிறகு அமெரிக்கச் சில்லறையான சென்ட்டின் குறி. கடைசியில் அதே மாதிரி கோடு போட்ட ‘யு’. இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் ‘தமிழ்’!

அனுப்பியவர் மேல் தப்பில்லை. அவர் கணினியில் திஸ்கி வகை எழுத்துரு இருந்தது. உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். இதே சொல்லை யாழ்ப்பாணத்து நண்பர் பாமினி என்ற எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தால் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று வந்திருக்கும். அந்த அரைப்புள்ளிதான் ‘ழ்’ மேலிருக்கும் புள்ளி. பாமினி தட்டச்சுப் பொறியின் வரிசையை ஒட்டியது. தட்டச்சு கற்றவர்கள் அந்தக் கிறுக்கலைக் கிறுக்கலாகவே படித்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்தக் கூத்து? அன்றைய எழுத்துரு ஒன்றில் மொத்தம் 256 இடங்கள். திஸ்கி போன்றவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கணினியின் சொந்த வேலைக்கும் போய்விடும். மிச்சத்தில் தமிழை அடைக்க வேண்டும். நம் 247 எழுத்துக்கும் தனி இடம் கிடையாது. கொம்பு, கால், கொக்கி ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். கு, கூ, டு, டூ போன்றவை உருவமே மாறுபவை என்பதால் அவற்றுக்குத் தனி இடம். எதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஒரு ராஜா. பந்தியில் ஆளுக்கொரு வரிசையில் இலை போட்ட கதைதான்.

இத்தனைக்கும் முன்னோடிகள் சும்மா இருக்கவில்லை. 1995 அக்டோபர் 27 அன்று சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய இணையதளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழைக் கொண்டுவந்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியதும் அவர் முயற்சியில்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, அவ்வாண்டே டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை, அதாவது எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கும் முறைகளை, தமிழக அரசு அறிவித்தது. ஒரே முறை வேண்டும் என்று கூடிய மாநாட்டிலிருந்து இரண்டு பிறந்தன. திஸ்கியும் கூடவே வாழ்ந்தது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதை அடக்க முடிவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் வந்த ஒரு எளிய கருவியைப் பற்றிச் சொல்லத்தான் இந்த அத்தியாயமே. சுரதா என்பவர் செய்த ‘பொங்குதமிழ்’ மாற்றி. பார்வைக்கு ஒன்றுமில்லை. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் எழுத்துரு வகைகளின் பெயர்கள். புரியாத கிறுக்கலை ஒரு பெட்டியில் ஒட்டி, பாமினியா, திஸ்கியா, டாபா என்று சொடுக்கினால் மறு பெட்டியில் ஒருங்குறி (யூனிகோட்) தமிழ் வந்து நிற்கும். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்க வேண்டியதுதான். மூன்றாவதோ நான்காவதோ சொடுக்கில் ‘அன்புள்ள’ என்று தலை தெரியும்போது வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே நடக்கும் வேலை அவ்வளவு லேசானதல்ல. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பார்கள்: கொம்பு, க, கால். மூன்று இடம். ஒருங்குறியில் ‘க’ முதலில் வரும். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி ஒரே உருப்படியாகப் பின்னால் வரும். ஆகவே மாற்றி ஒரு கொம்பைக் கண்டதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் மெய் எது என்று பார்த்து, அதற்கு அப்பால் கால் இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் ஒகரம், இல்லாவிட்டால் எகரம் என்று முடிவு கட்ட வேண்டும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் இந்த அட்டவணையைக் கையால் தயாரித்த பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஒருங்குறி 1991இலேயே வந்துவிட்டது. தமிழுக்கு அதில் 128 கட்டங்கள் ஒதுக்கியும் ஆயிற்று. கணினிகள்தான் தயாராக இல்லை. விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவோடு வழி பிறந்தது. எக்ஸ்பி வந்தபோதும் அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்து முறைகளுக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்; உடனே அது விண்டோஸ் குறுந்தகட்டைச் செருகு என்று கேட்கும். பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் குறுந்தகடு கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான். தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில்தான்.

மாற்றிகளால் முடியாத ஒன்றும் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பக்கம் அச்சாக ‘ள’ போலவே இருக்கும். பலரும் ‘கௌ’ என்பதற்குக் கொம்பு, க, ள என்று அடித்துத் தள்ளினார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். அதனால் ‘கௌதமன்’ என்று தேடினால் ‘கெளதமன்’ என்று அடித்த பக்கம் தப்பிப் போய்விடலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா அடித்து வைத்த குடும்ப வரலாறோ, நீங்களே எழுதிய கதைகளோ பழைய கணினியில் பாமினியிலோ திஸ்கியிலோ கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மாற்றிவிடுங்கள். மாற்ற நேரமில்லையென்றால், எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையாவது கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.