பசை தேடியவர் கண்ட வினைல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் வண்ண வினைல் தாளை வீட்டிலேயே ஒட்டுவோர், வெப்பக் காற்றால் அதை இளக்கி வளைவுகளில் படிய வைக்கின்றனர். இந்த நெகிழ்வு எப்படி வந்தது?

1872-இல் ஜெர்மன் வேதியியலறிஞர் யூஜின் பௌமன், வினைல் குளோரைடு சூரிய ஒளியில் வெண்ணிறத் திண்மமாவதைக் கண்டார். விறைப்பான அப்பொருள் நெடுங்காலம் பெரும்பயனின்றிக் கிடந்தது.

1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு பிணைக்கும் பசையைத் தேடினார். பாலிவினைல் குளோரைடை உயர் கொதிநிலைக் கரைப்பானில் சூடாக்கினார். கிடைத்தது பசையன்று, ரப்பர் போல் வளையும் பொருள்! கரைப்பான் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை நகர இடமளித்தன.

சூடேறினால் இந்நகர்வு மிகும். ஆனால், மிகையாக இழுத்து ஒட்டிய தாள் பழைய அளவுக்குச் சுருங்க முயலும், விளிம்புகள் பெயரும். பசையாகாத வினைல், வேறொரு பசையின் துணையாலேயே இன்று உலோகத்தைப் பற்றி நிற்கிறது.